நாற்பது பேர் அமுக்கிய பக்கம்

எங்கள் பட்டறை வெல்டருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. தான் எழுதிய வாழ்க்கைக் கதையைப் பார்வை இருக்கும்போதே புத்தகமாகப் பார்த்துவிட ஆசைப்பட்டார். அச்சுக்கூலிக்காக அவர் மகள் இணையத்தில் நிதி திரட்டும் பக்கம் ஒன்றைத் தொடங்கினாள்.

பணம் திரட்டும் கெடு முடிந்த மறுநாள் பட்டறைக்கே வந்து என்னிடம் கேட்டாள். "பெரியப்பா, நாப்பது பேரு பக்கத்துல இருக்குற இதயப் படத்தை அமுக்கி லைக் போட்டிருக்கீங்க. ஒருத்தர்கூடப் பணம் போடலையே?"

"அமுக்குனாலே போன்லேருந்து காசு எடுத்துக்குவான்னுல்ல நெனச்சோம்!" என்றான் லேத்துக்காரன். நானும் அப்படித்தான் நினைத்து வீட்டில் பீற்றிக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் பையைத் துழாவினோம். மாதக்கடைசி, புத்தகத்தின் அட்டை அடிக்கக்கூடத் தேறவில்லை. அந்த இணையதள விதிப்படி மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி பக்கம் தொடங்க முடியுமாம். பார்வைக்குக் கண் டாக்டர் கொடுத்திருந்த கெடுவோ இரண்டே மாதம்.

வெல்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "நாப்பது பேருக்கும் நன்றின்னு கடைசிப் பக்கத்துல எழுதி வச்சுட்டேனேய்யா" என்றார்.