பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள்

எங்கள் ஊரில் பெண் கேட்டு வருகிறவர்கள் நேரே பெண் வீட்டுக்கு வரமாட்டார்கள். முதலில் பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். இந்தச் சனியன் பிடித்த வழக்கத்தைத் தொடக்கிவைத்தவர் யாரென்று தெரிந்தால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன்.

பக்கத்து வீட்டு மாமியோடு எங்களுக்குக் கதை பேச்சு இல்லை. அவருடைய ஆடு எங்கள் செவ்வரத்தைச் செடியை மொட்டையடித்த நாளிலிருந்து, அந்த ஆட்டை ஏசாமல் அம்மாவுக்குப் பொழுது விடிந்ததில்லை.

அப்போதுதான் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை. வாட்ஸ்அப்பில் படமும் வந்தது. எத்தனையோ இடம் ஏதோ ஒரு சாட்டில் நழுவிப்போய், அக்கா கண்ணாடி பார்ப்பதையே விட்டிருந்த நேரம் அது. "இதையும் விட்டால் இனி என்னட்டை இடமில்லை" என்று தரகர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அம்மா அன்றே கட்சி மாறினார். செவ்வரத்தைக் கொப்பைத் தானே முறித்து வேலிக்கு மேலால் ஆட்டுக்குப் போட்டார். மாமி வீட்டுக்குப் பயற்றம் பணியாரம் போனது. "பிள்ளை, உன்ரை ஆடு மெலிஞ்சு போச்சு" என்று அம்மா உருகியதைக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளையின் பெரியம்மா ஓட்டோவில் வந்து மாமி வீட்டில் இறங்கியபோது, நானும் அம்மாவும் தகர வேலியோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். மாமி எங்களை விட்டுக்கொடுக்கவில்லை. பாவம், மனம் நிறையத்தான் சொன்னார்.

"தங்கமான பிள்ளை. தேப்பன் பாரிசவாதத்திலை விழுந்த நாள் துவக்கம் அவள்தான் எல்லாம். துடைக்கிறது, திருப்பிப் படுக்கவைக்கிறது, சோறு தீத்திறது. வேறை ஆர் தீத்தினாலும் மனுசன் வாய் திறக்காது. அவள் இல்லாட்டி அந்த வீடு ஒரு நாள் ஓடாது."

அம்மா சந்தோசத்தில் என் கையைப் பிடித்து நசித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப இவள் வந்திட்டால் தேப்பனை ஆர் பாக்கிறது?" என்று பெரியம்மா கேட்டார்.

அம்மா என் கையை விட்டார். ஓட்டோ எங்கள் படலையடியில் நிற்காமலே போனது.

அம்மா வாயில் வந்தபடி மாமியை ஏசத் தொடங்கினார். அவர்கள் வருவார்கள் என்று சேலை உடுத்திருந்த அக்கா உள்ளேயிருந்து வந்தார்.

"அவ பொய் ஒண்டும் சொல்லேல்லையே, அம்மா."

பிறகு தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சோற்றுக் கோப்பையோடு அப்பாவின் கட்டிலடிக்குப் போனார். அப்பா வாயைத் திறந்தார்.