இறக்கத்தில் எஞ்சின் சத்தம்

ஏற்றத்தில் லொறி ஓட்ட யாரும் பழகிவிடலாம், தொழில் இருப்பது இறக்கத்தில்தான் என்பது உங்களில் ஸ்டியரிங் பிடித்தவர்களுக்குத் தெரியும்.

மலை தள்ளிவிடும்

மாரியப்பனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது பொகவந்தலாவைப் பாதையில், முனியாண்டி கோயிலடியில். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு லொறிகள். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. கற்பூரம் கொளுத்திவிட்டு, தன் நெற்றியில் பூசிய திருநீற்றை லொறியின் நெற்றியிலும் பூசினான். இறக்கத்தில் கியரைக் கழற்றி நியூட்ரலில் விடுவது அப்போது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். டீசல் மிச்சமாகும், தோட்டத்தை நடத்தும் தொரையிடம் நல்ல பேர் கிடைக்கும். மழை பெய்திருக்கிறது, பார்த்துப் போ என்றேன். ஏறி உட்கார்ந்து சிரித்தான்.

"எறங்குறதுக்கு எதுக்கு மாப்ள டீசலு? மலையே தள்ளி வுடும்!"

கை பெயில்

கீழ் வளைவில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், மாரியப்பன் லொறியோடு பள்ளத்தில் விழுந்து இறந்தான். தீபாவளிக்குள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்காதவன் லொறியை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று தொரை சொல்லிவிட்டார். நானோ கிளீனராக இருந்து, பார்த்துப் பார்த்தே ஓட்டப் பழகியவன். இதை விட்டால் பாக்டரியில் கொழுந்து கொட்டும் வேலைதான்.

ஹட்டனில் வகுப்பு. பயிற்சி கொடுத்தவர் பஸ் ஓட்டிய சிங்களவர். வட்டவளையில் பல வருஷம் இருந்ததால் நம் தமிழ் நன்றாக வரும். ஏறுகிற கியரிலேயே இறங்கு, எஞ்சினே லொறியைப் பிடித்துக்கொள்ளும் என்றார். புரிந்தது. ஆனால் நான் ஓட்டிக் காட்டிய முதல் இறக்கத்திலேயே என் இடது கை தானாகப் போய்க் கியரைக் கழற்றியது. திட்டினார். அடுத்த இறக்கத்திலும் கழற்றியது. ஓரங்கட்டச் சொன்னார்.

"அண்ணே, நீங்க பாஸ். ஒங்க கை பெயில். அடுத்த தடவ ரெண்டு பேரும் சேந்து வாங்க."

மட்டக்கம்பு

என் மனைவி ராக்கம்மா கொழுந்து பறிப்பவள். மலையிலிருந்து மற்றப் பெண்களோடு என் லொறியின் பின்னால்தான் வருவாள். நடந்ததைச் சொன்னேன். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் சத்தம் அடங்கிவிடும் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் இறக்கத்தில் கை கியருக்கு நழுவிச் சத்தம் அடங்கியதுதான் தாமதம், கேபின் கூரையில் டங்கென்று ஓர் அடி. ராக்கம்மாவின் மட்டக்கம்பு, தேயிலைச் செடியின் மட்டம் பார்க்கும் கம்பு! பின்னால் ஒரே சிரிப்பு. "என்னா டிரைவரய்யா, தூங்குறது வண்டியா, நீங்களா?" என்றாள் ஒருத்தி.

நாளாக ஆக அடி குறைந்தது. தீபாவளி நெருங்கியபோது ஒரு நாள் அடியே விழாமல் பாக்டரி வந்து சேர்ந்தோம். இறங்கிய ராக்கம்மா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள்.

"கம்புக்கு வேலயே இல்லாம பண்ணிட்டீங்களே!"

மேலே யார்?

என் லொறியிலேயே, அதே முனியாண்டி கோயில் இறக்கத்தில் சோதனை. கற்பூரம் கொளுத்தினேன். பிறகு குனிந்து பிரேக்கையும் பார்த்தேன். மாரியப்பன் விழுந்த வளைவைத் தாண்டும்போது எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. கை அசையவில்லை. தலைதான் வளைவுக்கு வளைவு தானாகக் குனிந்தது. பயிற்சிக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"கை பாஸ் அண்ணே. ஆனா மேல யாரு இருக்காங்கன்னு இப்பிடிப் பயப்படுறீங்க?"

சான்றிதழில் என் பேர் மட்டுந்தான் இருக்கிறது. ராக்கம்மா கண்ணை மூடிப் பல வருஷமாகியும், பாக்டரிக்குப் பின்னால் நிற்கும் அந்த லொறியின் கூரையில் அவள் தட்டிய பள்ளம் அப்படியே இருக்கிறது.