கருமாதி வரைக்கும் ஒரு காக்கை

கல்யாணமாகி ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த புதிதில் நான் ஓர் அண்டங்காக்கையை வளர்த்தேன். கொழுந்து பறிக்கும் மலையில், காற்றில் முறிந்த கிளையோடு விழுந்து கிடந்த குஞ்சு அது. ஒரு இறக்கை ஒடிந்து போயிருந்தது. நாய் வளர்த்தால் பேசாத ஜனம், காக்கை என்றதும் வாயை மூடவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனால், "சனீஸ்வரன் பொண்டாட்டி வர்றா, வழி விடுங்கடி" என்று சிரிப்பார்கள். அமாவாசைக்கு அமாவாசை அதே காக்கையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோறு வைப்பவர்களும் இவர்கள்தான். எனக்கு எரிச்சலாக வரும்.

அது தரையில் போட்டதைத் தின்னாது. உள்ளங்கையில் வைத்து நீட்ட வேண்டும். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் ஒரு பெரியம்மா. சொந்தமில்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். அவர் புருஷன் மாதக்கணக்காக இருமிக்கொண்டிருந்தார். மகன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். ஒருநாள் வாசல் இஸ்தோப்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பெரியவரின் தலையில், விறகுக் கட்டிலிருந்து தாவி என் காக்கை உட்கார்ந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டார். பார்த்த பெண்கள் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே அவர் இறந்துபோனார்.

அவ்வளவுதான். அவர் இருமிய இருமல் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. லயம் முழுக்கக் காக்கைப் பேச்சுதான்.

பெரியவரை அடக்கம் செய்த மறுநாள் மகன் என் வாசலில் வந்து நின்றான். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கருமாதி முடியட்டும் மதினி. அப்பா எந்தக் காக்காவுல வருவாருன்னு தெரியாது, அதனால இப்ப கை வைக்க மாட்டேன். முடிஞ்ச அன்னைக்கே வெட்டிருவேன்."

அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் அவன் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுவான். வழக்கமாகத் தீட்டுவதுதான். ஆனால் அந்தச் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் வரும்போது நான் காக்கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன். "காட்டுல கொண்டு போய் விட்டுரு" என்றார் என் வீட்டுக்காரர். "ஒத்த இறக்கையோடயா? நரிக்குப் பந்தி வைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். அவர் தேத்தண்ணியைக் குடித்தார். நான் வேலைக்குப் போகும்போது காக்கையைக் கூடை போட்டு மூடி, மேலே கல்லை வைத்துவிட்டுப் போவேன். மலையில் நினைப்பெல்லாம் அங்கேயே இருக்கும். முத்தல் இலையைப் பறித்துக் கங்காணியிடம் ஏச்சு வாங்கினேன்.

கருமாதியன்று விடியும்போதே மழை. எதிர் மலை தெரியாத அளவுக்கு மூடுபனி. லயத்துக் கோடியில் இருந்த பாறையில் இலை போட்டுச் சோறு வைத்துவிட்டு, மகன் ஈர வேட்டியோடு "கா... கா..." என்று கூப்பிட்டான். ஒரு காக்கையும் வரவில்லை. காக்கை எடுக்காமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. மத்தியானம் தாண்டியது. முந்தின நாளும் ஒழுங்காகச் சாப்பிடாத பெரியம்மா சுவரோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தார். "மனக்கொறையோட போயிட்டாரு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். எல்லோர் கண்ணும் என் வாசல் பக்கம் திரும்பியது.

மகன் மறுபடி கூப்பிட்டான். கூடைக்குள்ளிருந்து என் காக்கை பதில் கொடுத்தது, லயத்துக்கே கேட்கும்படி.

அவன் நேராக என் வாசலுக்கு வந்தான். கையில் கத்தி இல்லை. "தூக்கிட்டு வாங்க மதினி" என்றான். குரல் உடைந்திருந்தது.

மார்போடு அணைத்துக் கொண்டு போய்ப் பாறையில் விட்டேன். அது சோற்றைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. தின்னவில்லை. இது தின்னாவிட்டால் பெரியவரின் கோபம் உறுதியாகிவிடும், பிறகு அந்தக் கத்தியை யார் தடுப்பது? நான் ஊட்டலாமென்றால் நான் ரத்த உறவில்லை.

"கையில வச்சுக் குடுங்க தம்பி" என்றேன். "அப்படித்தான் அது திங்கும்."

அவன் மழையில் மண்டியிட்டு உள்ளங்கையை நீட்டினான். காக்கை தத்தித் தத்திப் போய், ஒரு பருக்கையைக் கொத்தியது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தின்றது. அவன் தேம்பித் தேம்பி அழுதான். நானும் அழுதேன், பிழைத்துவிட்டது என்று.

பெரியம்மா எழுந்து வந்தார். முந்தானையால் அதன் ஈரத்தைத் துடைத்து, பத்திரமாகத் தூக்கிக் கொண்டு, என்னைத் தாண்டித் தன் காம்பராவுக்குள் போனார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வெறும் கையோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

அன்று மாலை அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் குரல் கேட்டது.

"சாப்பிட்டீங்களா? குளிருதா உங்களுக்கு?"

என் வயிறு எரிந்தது. போய்க் கேட்க வேண்டும் என்று எழுந்தேன், உட்கார்ந்தேன். என்னவென்று கேட்பது? உங்க புருஷனை எனக்குக் குடுங்க என்றா?