டிராக்குக்கும் டிரக்குக்கும் நடுவில் என் கார்

என் பழைய காருக்குப் பெரிய இன்ஜின் வைத்து ரேஸ் டிராக்கில் ஓட்ட ஆசை. திண்டிவனம் மெக்கானிக்கிடம் விட்டு, "டிராக்குக்கு ஏத்த மாதிரி மாத்துங்கண்ணே. பின்சீட்டு வேணாம், ஸ்பிரிங்கு கெட்டியா இருக்கணும்" என்றேன். தலையாட்டினார்.

இன்று நான் விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறியதும் அவர் போன் செய்தார்.

"பழைய இன்ஜினை இறக்கிட்டேங்க. எத்தினி மூட்டை ஏத்துவீங்க?"

"என்ன மூட்டை?"

"மல்லாட்டை மூட்டைதாங்க, வேர்க்கடலை. டிரக்குதான கேட்டீங்க? பின்னாடி கூரையை அறுக்க வெல்டர் வந்துக்கினு இருக்காரு."

"ஐயோ, அறுக்காதீங்க!" என்பதற்குள் லைன் கட். அப்புறம் அவர் போனையே எடுக்கவில்லை.

பஸ் இன்னும் கூட்டேரிப்பட்டையே தாண்டவில்லை. திண்டிவனத்து நண்பர்களே, யாராவது ஓடிப்போய் அந்த வெல்டருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருங்களேன்.