கண்ணாடி போட்ட வாழ்த்துப்பா

அறுபதுகளில் திருவொற்றியூரில் வாழ்த்துப்பா இல்லாமல் கல்யாணம் கிடையாது. அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, சோறு ஆறும்வரை மேடையில் படிப்பார்கள். எங்கள் பேட்டைக்குக் கவிஞர் ஒருவர் இருந்தார். கம்பெனி குமாஸ்தா. பட்டத்தைத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டவர்.

அக்காவின் மறுமணத்துக்கும் வந்து தொலைத்தார். முதல் கணவர் இறந்தபின் அக்கா கம்பெனி கேன்டீனில் இட்லி அவித்தாள். அந்தச் சம்பளத்தில்தான் அம்மா சாப்பிட்டாள், நான் புலவர் வகுப்புக்குப் போனேன்.

மேடையேறிய கவிஞர் எண்சீர் விருத்தம் என்று அறிவித்தார். ஓரடியில் எட்டுச் சீர், அடுத்ததில் ஏழு. எதுகைக்காகக் 'கடல்' என்றவர், அடுத்த அடியில் மாப்பிள்ளையின் 'உடல்' வலிமையைப் பாடினார். பக்கத்தில் போன ரயிலின் சத்தத்தில் இரண்டாம் பாட்டு பாதி போனது, கூட்டத்துக்கு லாபம். நான்கு பாட்டும் ஒரே அடியில் முடிந்தன: 'விதவைக்கு வாழ்வளித்த வீரனே வாழி.' வகர மோனை கொட்டிக் கிடந்தது, மறுக்கவில்லை. பார்த்தான், துணிந்தான், அளித்தான், காத்தான் என்று எல்லா வினையும் மாப்பிள்ளைக்கே. அக்காவுக்குக் கிடைத்தது 'கு' என்னும் நான்காம் வேற்றுமை ஒன்றுதான். ஒவ்வொரு 'விதவைக்கு'ம் வரும்போது கூட்டம் கைதட்டியது, அவள் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது.

சட்டத்தைக் கையில் வாங்கும்போது அக்கா கேட்டாள்.

"இன்னா சார், பாட்டு பூரா அவர் பேரு வந்துகினே கீது. என் பேரு ஒரு வாட்டி கூட வர்லியே. கல்யாணம் ரெண்டு பேருக்குந்தான?"

"இலக்கணம் இடம் குடுக்கலம்மா. உன் பேரு தளை தட்டுது."

சீரோடு சீர் இப்படித்தான் சேர வேண்டும் என்ற தளைக் கட்டுப்பாடே விருத்தத்துக்குக் கிடையாது. அதுவும் அக்காவின் பெயர் நேர் நேர், வெறும் தேமா. முதல் மாதப் பாடம். எண்சீர் விருத்தத்தில் தேமாவுக்கென்றே இடம் உண்டு. அந்த ஆளின் தலையில்தான் அவளுக்கு இடம் இல்லை.

அடுத்த மாதம் அக்கா வீட்டுக்குப் போனேன். அதே சட்டம் சுவரில் மாட்டியிருந்தது. உள்ளே கல்யாண போட்டோ, அக்கா நிமிர்ந்து நின்றாள்.

"பாட்டு எங்கே அக்கா?"

"பின்னாலதான் கீது. போட்டோ லொடலொடன்னு ஆடிச்சி, அந்தப் பேப்பர மட்ச்சி முட்டுக் குட்த்துட்டேன்."

அந்தக் கவிஞர் எழுதியதில் ஒருவருக்காவது பயன்பட்டது அது ஒன்றுதான்.