வினாகிரி ட்ரம்மும் பால் கத்தியும்

என் வீட்டுக்காரருக்கு ரப்பர் மரம் வெட்டத் தெரியும். தெஹியோவிட்டப் பக்கத்தில் எங்கள் தோட்டம் முழுக்க அதை ஒத்துக்கொள்ளும். மரத்துக்குக் காயம் படாமல் பால் கத்தியால் தாள் கனத்துக்குப் பட்டையைச் சீவி எடுப்பார். அந்தப் பெருமையில், உலகத்தில் வெட்ட வேண்டியது எதுவானாலும் தன் கைக்கு அடங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் ட்ரம் வந்து அந்த நினைப்பைக் கெடுத்தது.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு அப்போது ஏழாம் மாதம். வரிசை வீடுகளாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பள்ளத்தில் ஊற்றுநீர் விழும் பீலிக்கு இறங்க வேண்டும். இறங்குவது சுலபம். குடத்தோடு ஏறும்போதுதான் பெற்றவளை நினைத்துக்கொள்வோம். தோட்டத்து மருத்துவிச்சி என் கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் குடம் தூக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் விடியும் முன்னே பால் வெட்டப் போய்விடுவார். அதனால் சுவருக்கு அந்தப் பக்கக் காம்பராவில் குடியிருந்த அக்காதான் தன் தண்ணீரோடு என் தண்ணீரையும் சுமந்தார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. அவரும் பால் வெட்டுகிறவர்தான், வேலைக்குப் போகும் முன்னே இருட்டிலேயே தண்ணீர் எடுத்துவிடுவார். அவர் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். மாதம் ஒரு முறை வருவார். அக்கா ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் நான் குடத்தைத் தூக்கித்தான் ஆக வேண்டும். வயிற்றில் இருந்ததோ ஐந்து வருடம் காத்திருந்து தங்கிய பிள்ளை. வாசலில் பெரிய தொட்டி ஒன்று இருந்தால் இரண்டு நாள் தண்ணீரைச் சேர்த்து வைக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ரப்பர் ஸ்டோரில் பாலை உறைய வைக்கும் ஆசிட் வந்த கேன்கள் சும்மாவே கிடைக்கும். அக்கா அதைத் தொடவே விடவில்லை. "புள்ளத்தாச்சி புழங்குற தண்ணிய ஆசிட் கேன்லயா வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அக்காவும் கூடப் போனார்.

டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் ஊறுகாய்க்கு ஊற்றும் வினாகிரி வந்த ட்ரம் கிடைத்தது. மேலே திறக்க முடியாமல் முழுக்க அடைத்த ரகம். இரண்டு சின்ன வாய் மட்டும்தான், அவற்றுக்குத் திருகு அடைப்பு. இரண்டு வீடும் சேர்ந்து ஒன்றை வாங்கி, நடுவில் குறுக்கே வெட்டி, ஆளுக்கொரு தொட்டியாக வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. அடிப்பாகம் ஓட்டை இல்லாதது. மேல்பாகத்தைக் கவிழ்த்து வைத்தால் அந்த இரண்டு வாயும் கீழே போய்விடும். "அடிப்பாகம் தங்கச்சிக்கு" என்று அக்கா கடையிலேயே சொல்லிவிட்டாராம்.

முதலாளி வெட்டும் முறையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். "இத கத்தியால வெட்ட ஏலா. கயிறு சுத்திக் கோடு போடுங்க. ஒரு ஓட்ட போட்டு, ஹேக்ஸோ பிளேட மட்டும் உள்ளுக்கு விட்டு அறுங்க. ஃப்ரேம் வேணாம், அது ட்ரம்முல இடிக்கும். ஹெமின் ஹெமின் செய்யணும்." நிதானத்தைச் சிங்களத்தில் சொன்னால்தான் சிலருக்கு ஏறும் என்று நினைத்தாரோ என்னவோ. இவருக்கு எந்தப் பாஷையிலும் ஏறவில்லை. பிளேடை வாங்கிச் சட்டைப் பையில் போட்டதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை லயமே எங்கள் வாசலில் கூடியது. ஆளுக்கொரு யோசனை. ஒருவர் வெட்டுக்கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தார். பிளாஸ்டிக் உருகி எழுந்த புகையில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இன்னொருவர் மரம் அறுக்கும் ரம்பத்தோடு வந்தார். அதன் பெரிய பல் பிளாஸ்டிக்கில் மாட்டி, ட்ரம் அவரையும் இழுத்துக்கொண்டு உருண்டது. வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே பால் கத்தியைத் தீட்டினார்.

"ஏங்க, அந்த பிளேட எடுங்களேன்" என்றேன்.

"நீ சும்மா இரு புள்ள. இது என்ன, தேக்கு மரமா?"

ட்ரம்மை நிற்க வைத்து, நடுவில் கத்தியைப் பதித்துச் சீவ ஆரம்பித்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், பார்க்க அழகாகத்தான் இருந்தது. நீலச் சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் உதிர்ந்தது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சீவி, வெட்டு உள்ளே இறங்க இறங்க ட்ரம்மைச் சுற்றி நகர்ந்துகொண்டே போனார். கோடு போடவில்லை. முந்நூறு மரத்துக்குத் தினமும் கோடு போட்டா வெட்டுகிறார்?

கடைசியில் ஆரம்பித்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வெட்டின முனை, தொடங்கின முனையைத் தொடவில்லை. ஒரு சாண் கீழே வந்து நின்றது. ரப்பர் மரத்தில் வெட்டு இடது பக்கம் மேலேயும் வலது பக்கம் கீழேயும் சரிவாகத்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் பால் வடிந்து தேங்காய்ச் சிரட்டையில் விழும். பதினைந்து வருடமாக அந்தச் சரிவில் போன கை, ட்ரம்மிலும் தன் பாட்டுக்குச் சரிந்து போயிருக்கிறது.

அக்கா உள்ளே போய் ஒரு சிரட்டையைக் கொண்டுவந்து, வெட்டு முடிந்த இடத்துக்குக் கீழே பிடித்தார்.

"பால் வடியுதான்னு பாக்குறேன் தம்பி."

அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு அங்கேயே வலி வந்துவிடுமோ என்று பயந்துபோனேன். வீட்டுக்காரர் சட்டைப் பையில் கைவிட்டுப் பிளேடை எடுத்தார்.

மிச்ச வேலை ஒழுங்காக நடந்தது. இரண்டு முனைக்கும் நடுவில் ஒட்டி நின்ற ஒரு சாணை அவர் பிளேடால் நேராக அறுத்து ட்ரம்மை இரண்டாக்கினார். என் வாசலே சாய்வு. அதனால் அடிப்பாகத்தை அது நிற்கப்போகும் இடத்திலேயே வைத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். வெட்டின் தாழ்ந்த இடத்தில் வழிந்ததும் நிறுத்தினோம். வெயிலில் தண்ணீர் மட்டம் வெளியே நிழலாகத் தெரிந்தது. அதன்மேல் கரித்துண்டால் கோடு இழுத்தேன். அக்காவின் மேல்பாகத்துக்குக் கயிறு சுற்றிக் கோடு போட்டோம். பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்து வீட்டுக்காரர் ஹெமின் ஹெமின் அறுத்தார். விளிம்பில் நின்ற பிசிறை மழிக்க மட்டும் பால் கத்தி நன்றாக உதவியது. அதில் அவருக்குக் கொஞ்சம் மரியாதை திரும்பி வந்தது.

ஆனால் என் அடிப்பாகம் முழங்காலுக்கும் கீழே குட்டையாகிப் போயிருந்தது. அக்காவின் மேல்பாகம் நினைத்த உயரத்துக்கு ஆழமாக நின்றது. அக்கா மாற்றிக்கொள்ளச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நானே வாய்விட்டுக் கேட்டேன்.

"வேணாம் புள்ள. சொன்னா சொன்னதுதான். அடிப்பாகம் ஒனக்கு" என்று சொல்லிவிட்டு, பெரியதை உருட்டிக்கொண்டு போனார்.

எனக்குக் கோபம் வந்தால் முன்பின் பார்க்க மாட்டேன். "ட்ரம்மு சிறுத்ததும் பாசமும் சிறுத்துப் போச்சாக்கும்" என்று லயத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. அந்த மூன்று நாளும் நான் எழுந்து கதவைத் திறக்கும்போது என் தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. எல்லாத் தண்ணீரிலும் வினாகிரி வாடை. தேத்தண்ணியைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடித்தோம். இருந்தாலும் என் வைராக்கியம் இறங்கவில்லை.

நான்காம் நாள் உப்பு தீர்ந்துபோனது. வேறு வழியில்லாமல் அக்காவின் வாசலுக்குப் போனேன். மழையே பெய்யாத நாளில் வாசல் சேறாகிக் கிடந்தது. அவருடைய பெரிய தொட்டியில் நான்கு விரல் தண்ணீர்கூட இல்லை. அடியில் இரண்டு வாயில் ஒன்றுக்குத் திருகு அடைப்பே இல்லை. மரத்தில் காய்ந்து உறைந்த ஒட்டுப்பாலை உருட்டி அடைத்திருந்தார். அது நெகிழ்ந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் தொட்டியை நிரப்பிவிட்டு, ஒழுகிப்போகும் தன்னுடையதற்காகத் தினமும் இரண்டு தடவை பள்ளத்துக்கு இறங்கியிருக்கிறார்.

"அடைப்பு இல்லன்னு தெரியுமாக்கா?"

"கடையிலயே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ரோஷத்துல அத நீ எடுத்துட்டுப் போயிருப்ப. ராத்திரி ஒழுகிப் போச்சுன்னா காலையில நீயே கொடத்த தூக்கிட்டு எறங்கியிருப்ப. ஒன்ன எனக்குத் தெரியாதா?"

வெட்கத்தில் அந்த வாசல் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா உப்பைக் கையில் கொடுத்து, எழுப்பி அனுப்பினார்.

அன்று சாயந்தரம் வீட்டுக்காரர் தேய்ந்துபோன ரப்பர் செருப்பை வெட்டி அந்த வாய்க்கு ஒரு அடைப்புச் செய்தார். அளந்து, கோடு போட்டு வெட்டினார். சொட்டுவது முழுக்க நிற்கவில்லை என்றாலும் ஓடுவது நின்றது.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அக்காதான் குளிப்பாட்டினார். காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே என் குட்டைத் தொட்டியில் கையெட்டி மொண்டுகொள்வார். நாற்பது நாள் கழிந்ததும் நான் பள்ளத்துக்கு இறங்கி, மூச்சு வாங்க ஒரு குடம் கொண்டுவந்தேன். என் வாசலைத் தாண்டிப் போய் அதை அக்காவின் தொட்டியில் ஊற்றினேன்.

உள்ளேயிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். "மெதுவா ஊத்து புள்ள" என்றார். "தம்பி போட்ட அடைப்பு கழண்டுறப் போவுது."