வீட்டுக்கு ஒரு பை

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் எங்கள் கூலிம் ரப்பர் தோட்டத்து வாலிபர்களில் பாதிப்பேரைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. யார் போவது என்று தீர்மானிக்க, ரப்பர் பால் எடுக்கும் வாளியில் ஆளுக்கொரு ரப்பர் கொட்டை போட்டார்கள். பாதிக் கொட்டைகளுக்குச் சிவப்புப் பெயின்ட். சிவப்பை எடுத்தவன் போக வேண்டும்.

எனக்கு இரண்டு அண்ணன்கள். சோறு இறங்காமல் கிடந்த அம்மாவிடம், பள்ளியில் கணக்கில் கெட்டிக்காரியான நான் சொன்னேன்: "பாதிப்பேர்தானம்மா. சராசரி பாத்தா வீட்டுக்கு ஒருத்தர்."

எதிர் வீட்டு அத்தைக்கும் இரண்டு மகன்கள். அவரிடமும் அதையே சொன்னேன். கோணிச்சாக்கை வெட்டி, அம்மா ஒரு பை தைத்தாள். அத்தையும் ஒன்று தைத்தார்.

மறுநாள் பெரியண்ணன் சிவப்பை எடுத்தான். சின்னண்ணனும் சிவப்பு. அத்தையின் மகன்கள் இருவருக்கும் வெறுங்கொட்டை.

லாரி உறுமிக்கொண்டிருந்தது. கையிலிருந்த ஒரே பையை யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் அம்மா விழித்தாள். அத்தை ஓடிவந்து தன் பையைச் சின்னண்ணன் தோளில் மாட்டினார். "வச்சிக்கய்யா. வேற என்னத்த தருவேன்?"

இரண்டு வீடு, இரண்டு ஆள், இரண்டு பை. என் சராசரி இம்மியும் பிசகவில்லை.

லாரி போன திசையைப் பார்த்தபடியே அம்மா கேட்டாள்: "ஒருத்தன் நிப்பான்னு சொன்னியேடி?"

நான் அப்படிச் சொல்லவேயில்லை. அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.